பிடியாணை இல்லாமல் என் மகனைப் பிடிக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். போன சனிக்கிழமை எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், மேடைக்குப் பின்னால் இரண்டு பெடியள் கூட்டத்துக்கு இடையில் சண்டை. என் மகனுக்கு 21 வயது. அவனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போன கூட்டாளி கத்தியால் வெட்டியதில் ஒரு பிள்ளையின் முன்கையில் எலும்பு வரை காயம். மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். மகன் கத்தியைத் தொடவே இல்லை. ஞாயிறு இரவு பொலிஸார் நாலு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் சிவில் உடுப்பு. ‘வாரன்ட் எங்கே’ என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். மகன் வீட்டில் இல்லாததால் கணவரைக் கூட்டிக்கொண்டு போய், ‘மகனைக் கொண்டுவந்து தந்தால் இவரை விடுவோம்’ என்றார்கள். திங்கள் பின்னேரம்தான் விட்டார்கள். சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். விறகு வெட்டுகிற காட்டுக்கத்தியையும் எடுத்துப் போனார்கள். மகன் இப்போது சொந்தக்காரர் வீட்டில் ஒளிந்திருக்கிறான். இன்னொன்றும் கேட்க வேண்டும். செத்துப்போன மாமனாரின் இடியன் என்கிற நாட்டுத் துவக்கு ஒன்று வயல் கொட்டிலில் கிடக்கிறது. அதை என்ன செய்வது? – ஒரு தாய்

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் ஆளையும் வீட்டையும் காட்டிக்கொடுக்கிற விபரங்களை எடுத்துவிட்டுத்தான் போட்டிருக்கிறேன். நாளும் இடமும் நீங்கள் எழுதியபடி இல்லை.

முதல் கேள்விக்கு நேரே பதில் சொல்கிறேன். பிடிக்கலாம். வன்னியில் என்னிடம் வருகிற தாய்மாரில் பாதிப் பேர் ‘வாரன்ட் காட்டவில்லை’ என்பதைத்தான் பெரிய குற்றமாகச் சொல்கிறார்கள். சட்டத்தில் அது அவ்வளவு பெரிய விஷயம் அல்ல. எந்த நேரத்தில் பிடித்தார்கள், ஏன் என்று சொன்னார்களா, எப்போது நீதவானிடம் கொண்டுபோனார்கள் என்ற மூன்றும்தான் பெரிய விஷயம். அவற்றை யாரும் குறித்து வைப்பதில்லை. வாரன்டுக்காக வாசலில் நின்று வாதாடுகிற நேரத்தில் கையிலிருக்கும் போனில் மணியைப் பாருங்கள்.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 32 ஆம் பிரிவு பொலிஸாருக்கு இந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்றில் ஒருவர் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். அல்லது சம்பந்தப்பட்டார் என்று நியாயமான முறைப்பாடோ, நம்பத்தகுந்த தகவலோ, நியாயமான சந்தேகமோ இருக்க வேண்டும். எந்தக் குற்றத்துக்குப் பிடியாணை வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அதே சட்டக்கோவையின் முதலாம் அட்டவணை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. கத்தியால் வெட்டிக் காயப்படுத்துவது வேண்டாத பக்கத்தில் இருக்கிறது.

காயம் எப்படிப்பட்டது என்பதில்தான் வழக்கின் எடை இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையில் வெறும் காயம் 314. வெட்டுகிற, குத்துகிற, சுடுகிற ஆயுதத்தால் வந்த காயம் 315, மூன்று வருடம் வரை சிறை. கடுங்காயம் 316, ஏழு வருடம் வரை. ஆயுதத்தால் கடுங்காயம் 317, பத்து வருடம் வரை. எலும்பு முறிந்தாலும் வெட்டுப்பட்டாலும் அது கடுங்காயம்தான். ஆகவே அந்தப் பிள்ளையின் கையில் வெட்டு எலும்பைப் பிடித்திருக்கிறதா, சதையோடு நின்றுவிட்டதா என்று சட்ட வைத்திய அதிகாரி எழுதப்போகிற ஒரு வரி உங்கள் மகனின் அடுத்த சில வருடங்களைத் தீர்மானிக்கலாம். பொலிஸார் முதல் அறிக்கையில் எந்த இலக்கத்தைப் போட்டார்கள் என்பதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். மருத்துவ அறிக்கை வந்த பிறகு அது மாறும். கொலை முயற்சி என்று 300 ஆம் பிரிவைப் போட்டுவிட்டுப் பிறகு 317க்கு இறங்கிய வழக்குகளும் உண்டு.

‘அவன் கத்தியைத் தொடவே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். தாயாக அது உங்களுக்குப் பெரிய ஆறுதல். சட்டத்தில் அரை ஆறுதல்தான். பலர் பொதுவான எண்ணத்தோடு சேர்ந்து ஒரு குற்றத்தைச் செய்தால், ஒவ்வொருவரும் தனியே செய்ததாகவே எடுக்கச் சொல்கிறது தண்டனைச் சட்டக்கோவையின் 32 ஆம் பிரிவு. (இதுவும் 32 தான். கைது பற்றிய 32 வேறு சட்டத்தில் இருக்கிறது.) ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் கூடிப் போனார்கள் என்றால் சட்டவிரோதக் கூட்டம் என்ற குற்றமும் சேரும், கூட்டத்தில் ஒருவர் செய்ததற்கு மற்றவர்களையும் பொறுப்பாக்குகிற 146 ஆம் பிரிவும் வரும். மறுபக்கம், சும்மா அந்த இடத்தில் நின்றதோ மோட்டார் சைக்கிளை ஓட்டியதோ மட்டும் போதாது. கூட்டாளியிடம் கத்தி இருந்தது மகனுக்குத் தெரியுமா, வெட்டத்தான் போகிறார்கள் என்று தெரிந்து போனானா, வெட்டிய பிறகு அவனை ஏற்றிக்கொண்டு போனானா? இவற்றுக்கு உண்மையான பதிலை மகன் முதலில் சட்டத்தரணியிடம் சொல்லட்டும். உங்களிடம் சொன்னது முழுவதுமாக இருக்காது. 21 வயதுப் பெடியன் தாயிடம் சொல்கிற கதையும் சட்டத்தரணியிடம் சொல்கிற கதையும் ஒன்றாக இருந்து நான் கண்டது குறைவு.

இனி உங்கள் கணவரின் விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். நீங்கள் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, சும்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

மகனுக்குப் பதிலாகத் தகப்பனைப் பிடித்து வைக்க இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. தகப்பனுக்கு எதிராக முறைப்பாடு இல்லை, தகவல் இல்லை, சந்தேகம் இல்லை. ‘கைது செய்யவில்லை, விசாரிக்கக் கூப்பிட்டோம்’ என்று பிறகு சொல்வார்கள். அந்தக் கதைக்கு உயர் நீதிமன்றம் 1988 இல் பியசிறி எதிர் நிமால் பெர்னாண்டோ வழக்கில் பதில் சொல்லிவிட்டது. சுங்கத்தில் வேலை செய்த சிலரை வழியில் மறித்து வேறு இடத்துக்கு வரச் சொன்ன வழக்கு அது. கைவிலங்கு போடாவிட்டாலும், ஆளைத் தொடாவிட்டாலும், விரும்பிய இடத்துக்குப் போகிற சுதந்திரம் இல்லாமல் போனால் அது கைதுதான் என்றது நீதிமன்றம். ஞாயிறு இரவு முதல் திங்கள் பின்னேரம் வரை உங்கள் கணவர் எழும்பி வீட்டுக்கு வர முடிந்திருக்குமா? முடியாதென்றால் அவர் கைது செய்யப்பட்டிருந்தார். நியாயமான சந்தேகம் என்பதற்கும் அளவுகோல் உண்டு. முத்துசாமி எதிர் கன்னங்கரா என்ற 1951 ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து நம் நீதிமன்றங்கள் சொல்லி வருவது, கைது செய்கிற அதிகாரிக்கே, காரணங்களோடு கூடிய சந்தேகம் இருக்க வேண்டும் என்பது. ‘தகப்பன்தானே’ என்பது சந்தேகம் ஆகாது.

அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை, சட்டத்தில் சொன்ன முறைப்படி அல்லாமல் யாரையும் கைது செய்யக்கூடாது, கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. அது மீறப்பட்டால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்குக் காலம் ஒரே ஒரு மாதம். முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்குப் போய், சட்டத்தரணி பிடித்து, சத்தியக்கடதாசி முடித்து, மனுப் போட ஒரு மாதம் பறந்துவிடும். ஆகவே கணவரைக் கூட்டிக்கொண்டு இந்தக் கிழமையே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்துக்குப் போங்கள். உடனே போக முடியாவிட்டால் 1996 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க ஆணைக்குழுச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டு அங்கே விசாரணை நிலுவையில் இருக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். விசாரணை உண்மையில் நடந்தது என்று காட்டச் சொல்லி நீதிமன்றம் கேட்கும். ஆணைக்குழு அனுப்புகிற ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு வைத்திருங்கள். கணவருக்கு அடி விழுந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி, யார் அடித்தது என்று வைத்தியரிடம் சொல்லிப் பதிய வையுங்கள். 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டத்தில் குறைந்தது ஏழு வருடச் சிறை இருக்கிறது.

அந்தச் சிங்களத் தாள். வாக்குமூலத்தைச் சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் முறை. எழுதுகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், சொல்பவரையே எழுதித் தரச் சொல்லலாம். அவருக்கு எழுதத் தெரியாவிட்டால் மொழிபெயர்த்து விளங்கப்படுத்திய பிறகுதான் கையெழுத்து. வடக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. நடப்பு வேறு என்பது எனக்கும் தெரியும். இரவு பத்து மணிக்கு, மகனை நினைத்துப் பதறிக்கொண்டிருக்கிற மனிதர் கையெழுத்துப் போட்டதில் ஆச்சரியம் இல்லை. என்ன சொன்னார், என்ன எழுதினார்கள் என்று அவர் நினைக்கிறார் என்பதை இன்றைக்கே ஒரு கொப்பியில் தமிழில் எழுதித் திகதி போட்டு வைக்கட்டும். இனி யார் கூப்பிட்டாலும், விளங்காத தாளில் கையெழுத்து வைக்கத்தான் வேண்டும் என்றால், பக்கத்தில் தமிழில் ‘வாசித்துக் காட்டப்படவில்லை’ என்று எழுதிவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

சிவில் உடுப்பில் வந்ததும் வீட்டுக்குள் தேடியதும் தனியே பிழை அல்ல. கைது செய்ய வேண்டியவர் உள்ளே இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் வீட்டுக்காரர் வழிவிட வேண்டும். ஆனால் நீங்கள் பெயர், பதவி, எந்த நிலையம் என்று கேட்கலாம், அடையாள அட்டை காட்டச் சொல்லலாம். பெண்களை உடற்பரிசோதனை செய்வதென்றால் பெண்தான் செய்ய வேண்டும். காட்டுக்கத்தியை எடுத்தார்களே, அதற்குப் பற்றுச்சீட்டுக் கேட்டிருக்க வேண்டும், இனியும் எழுத்தில் கேட்கலாம். வன்னியில் காட்டுக்கத்தி இல்லாத வீடு எது? அது வீட்டில் இருப்பது குற்றம் இல்லை. ஆனால் ‘வெட்டப் பயன்பட்ட கத்தி’ என்று அதே கத்தி நீதிமன்றத்தில் சான்றுப்பொருளாக வந்து நிற்கக்கூடாது. எந்த நாள், எத்தனை மணிக்கு, வீட்டில் எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள் என்று எழுதி வையுங்கள்.

இப்போது மகன். ஒளிந்திருப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒளிந்திருக்கிற ஒவ்வொரு நாளும் பிணைக்கு எதிரான காரணமாக மாறும். 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தில் பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விலக்கு. மறுக்கிற காரணங்களில் முன்னுக்கு நிற்பது ‘இவர் நீதிமன்றத்துக்கு வரமாட்டார்’ என்பது. அதைப் பொலிஸார் நிரூபிக்க வேண்டியதில்லாமல் மகனே நிரூபித்துக்கொண்டிருக்கிறான்.

சட்டத்தரணி ஒருவரை வைத்து, முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் எழுத்தில் கேட்கிற ‘மோஷன்’) போட்டுச் சரணடையலாம். இப்படியான வழக்கில் நான் விரும்புவது இதைத்தான். பொலிஸ் நிலையத்தில் ஓர் இரவு கழிகிற பயம் இல்லாமல் போகும். நேரே நிலையத்துக்குத்தான் போகிறான் என்றால் சட்டத்தரணியோடு போகட்டும். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி தோன்றுவதற்கு 2012 முதல் விதிகள் வர்த்தமானியில் இருக்கின்றன. ‘இங்கே லோயருக்கு என்ன வேலை’ என்று யாரும் கேட்க முடியாது. முன்பிணை பற்றியும் சிலர் உங்களுக்குச் சொல்வார்கள். பிணை வழங்க முடியாத குற்றத்துக்காகக் கைது செய்யப்படலாம் என்று அஞ்சுகிறவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பொலிஸாருக்கு அறிவித்தல் போக வேண்டும், நாள் எடுக்கும், வாள்வெட்டு என்று பத்திரிகையில் பெயர் வந்த சம்பவங்களில் எளிதில் கிடைப்பதும் இல்லை. காசையும் நேரத்தையும் அதில் போட நான் சொல்லமாட்டேன்.

சரணடைந்தாலும் பிடிபட்டாலும், பொலிஸார் 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. கைது செய்த இடத்திலிருந்து நீதவானிடம் போகிற பயண நேரம் மட்டும் அதில் சேராது. 24 மணித்தியாலம் தொடங்குவது பிடித்த நிமிடத்தில், புத்தகத்தில் பதிந்த நிமிடத்தில் அல்ல. இரவு 10 மணிக்கு வீட்டில் பிடித்து, அடுத்த நாள் காலை 8 மணிக்குப் பிடித்ததாக எழுதினால் பத்து மணித்தியாலம் காணாமல் போகிறது. அந்தப் பத்து மணித்தியாலத்தில்தான் அடியும் விழும். ஆகவேதான் மணியைப் பார்க்கச் சொன்னேன். அயல் வீட்டார் ஒருவரும் பார்த்திருந்தால் நல்லது. கிராம அலுவலருக்கு ஒரு குறுஞ்செய்தி போட்டால் அதில் நேரம் தானாகப் பதிந்துவிடும். சனி, ஞாயிறு, போயா என்று சாக்குச் சொல்ல முடியாது. அந்த நாட்களில் நீதவானின் வாசஸ்தலத்தில் முற்படுத்துவார்கள்.

யாராவது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரைச் சொல்லி வெருட்டினால், அது வேறு உலகம். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கமான அந்தச் சட்டத்தில் 24 மணித்தியாலக் கணக்கு இல்லை. முதலில் 72 மணித்தியாலம், பிறகு தடுப்புக்காவல் உத்தரவில் மாதக்கணக்கு. கோயில் சண்டைக்கு அதில் இடமில்லை. அப்படிச் சொன்னவரின் பெயரைக் குறித்துக்கொண்டு சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

மகனுக்கு நான் சொல்கிற இரண்டு விஷயங்களைச் சேர்த்து விடுங்கள். பொலிஸாரிடம் சொல்கிற குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆகவே ‘ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவோம்’ என்பதை நம்பி எதையும் சொல்லத் தேவையில்லை. பெயர், விலாசம் கேட்டால் ஒழுங்காகச் சொல்லட்டும். அடுத்தது, திருவிழாப் படங்களை முகநூலிலிருந்து எடுக்கிறேன், போடுகிறேன் என்று யாரும் விளையாட வேண்டாம். காயப்பட்ட பிள்ளைக்கு உங்கள் மகனைப் பெயரால் தெரியாதென்றால், பலரை வரிசையில் நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்கிற அடையாள அணிவகுப்புக் கேட்கலாம். மகனின் முகம் அதற்குள் எல்லோருடைய போனிலும் சுற்றியிருந்தால் அணிவகுப்புக்கு அர்த்தமே இல்லை. சண்டையில் மகனுக்கும் அடிபட்டிருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டி எழுத வையுங்கள், காயம் ஆறிய பிறகு சொல்லிப் பயனில்லை.

317 என்று பதிந்தால் பிணையை நீதவானிடம்தான் கேட்க வேண்டிவரும். முதல் தடவையிலேயே கிடைக்காமல் 14 நாள் விளக்கமறியல் வரலாம். மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். ஆள் பொறுப்பு நிற்கிற சரீரப் பிணைக்கு நிரந்தர வேலையில் உள்ள, சொந்த விலாசம் உள்ள இரண்டு பேரை இப்போதே கேட்டு வையுங்கள், கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். கட்டணம் கட்ட வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் இலக்கம் 110.

கடைசியாக அந்தத் துவக்கு. இதை ஒருவருக்கும் சொல்லாமல் என்னிடம் கேட்டது நல்லது. உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கோ வயலுக்கோ இல்லை. மாமனாரிடம் ஒரு காலத்தில் உரிமம் இருந்திருந்தாலும் அவரோடு முடிந்தது. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தில், உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். சுட்டீர்களா, பன்றிக்கு வைத்தீர்களா, துருப்பிடித்ததா என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. தானியங்கித் துப்பாக்கி என்றால் ஆயுள் தண்டனை வரை போகும், பிணையும் நீதவான் கையில் இல்லை. உங்கள் வீட்டில் இருப்பது அது அல்ல என்பது நல்ல காலம்.

புதைக்கவோ குளத்தில் போடவோ வேண்டாம். குளத்தில் போட்டதைத் தண்ணீர் வற்றுகிற ஆவணியில் மாடு மேய்க்கிற பிள்ளை எடுத்துக்கொண்டு வரும். மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டாம். வழியில் மறித்தால் ‘கொடுக்கத்தான் போனேன்’ என்பதை யார் நம்புவார்கள்? மகனின் வழக்கும் நடந்துகொண்டிருக்கிற நேரத்தில் அது இன்னும் மோசம். சட்டத்தரணி மூலம் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவித்து, யாருடையது, எப்படி வந்தது, எப்போது கண்டீர்கள் என்று சொல்லி, அவர்களே வந்து எடுத்துப் போகச் செய்வதுதான் பாதுகாப்பு. மாமனாரின் பழைய உரிமப் புத்தகமோ மரணச் சான்றிதழோ இருந்தால் தேடி வையுங்கள். சட்டவிரோதத் துப்பாக்கிகளை ஒப்படைக்க அரசாங்கம் இடைக்கிடை பொதுமன்னிப்புக் காலம் அறிவிப்பதுண்டு. இப்போது அப்படி ஒன்று ஓடுகிறதா என்றும் சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

வயலில், கிணறு வெட்டுகிற இடத்தில் பழைய குண்டோ ரவைக்கூடோ கண்டால் இதே முறை பொருந்தாது. தொடவே கூடாது. இடத்தில் ஒரு தடியை நட்டுவிட்டு 119க்குச் சொல்லுங்கள். பழைய இரும்பு வாங்குகிறவரிடம் கொடுத்து வழக்கில் மாட்டியவர்களும் இருக்கிறார்கள், கையை இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

காயப்பட்ட பிள்ளையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இப்போது போக வேண்டாம், மகனின் கூட்டாளிகளைப் போகவும் விட வேண்டாம். 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவரையும் சாட்சிகளையும் அச்சுறுத்துவதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. நீங்கள் அழுதுகொண்டு போனதை ‘வந்து வெருட்டினார்கள்’ என்று யாராவது எழுதிக்கொடுத்தால் மகனின் பிணை போய்விடும். வைத்தியச் செலவுக்கு உதவ விரும்பினால் அந்தக் குடும்பத்தின் சட்டத்தரணி ஊடாக, எழுத்தில், பற்றுச்சீட்டோடு கொடுங்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசிச் சமாதானம் செய்தாலும் 317 வழக்கு அதனால் தானாக முடிந்துவிடாது. தண்டனை பற்றிப் பேசுகிற நேரத்தில்தான் அந்தப் பற்றுச்சீட்டுக்கு வேலை வரும்.